குனிந்தால் குறைந்தா போவோம்?

*ரயில் சீக்கிரம் கிளம்பியதற்காக ஜப்பானில் மன்னிப்புக் கேட்டார்களாமே, நிஜமா?*
– தினசரி ரயில் பயணி, அரக்கோணம்

நிஜம். 2017 நவம்பர் 14. மினாமி நாகாரெயாமா நிலையத்தில் 9 மணி 44 நிமிடம் 40 வினாடிக்குப் புறப்பட வேண்டிய சுகுபா எக்ஸ்பிரஸ், 20 வினாடி முந்திக்கொண்டது. பயணிகளுக்கான அட்டவணையில் வினாடிக் கணக்கே கிடையாது. ஒருவரும் புகார் தரவில்லை. அடுத்த வண்டியும் நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. யாரும் கேட்காத மன்னிப்பை வலியப் போய்ச் சொன்னதால் அந்த ரயிலின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. கோடி கோடியாகக் கொட்டி விளம்பரம் செய்திருந்தாலும் அரக்கோணம் வரை வந்திருக்குமா?

*ஜப்பான் கடைக்காரர்கள் மாதிரி நானும் வாசலில் நின்று கும்பிடுகிறேன். வியாபாரம் ஏறவில்லையே?*
– ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

கும்பிடு மட்டும் போதாது. 1673இல் மிட்சுயி தகாதோஷி என்பவர் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், எச்சிகோயா என்றொரு ஜவுளிக்கடை திறந்தார். அதுவரை பெரிய வியாபாரிகள் துணி மூட்டையோடு பிரபுக்கள் வீட்டுக்குப் போவார்கள். விலை ஆளைப் பார்த்து. பணம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, வந்தால் உண்டு. மிட்சுயி கடையில் எல்லாருக்கும் ஒரே விலை, கைமேல் காசு, எத்தனை சிறிய துண்டு கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார்கள். பத்து வருஷம் கழித்துக் கடையை இடம் மாற்றியபோது ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்தார்.

திடீர் மழையா? கடை முத்திரை பெரிதாகப் போட்ட குடையை இரவல் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். குடை திரும்பி வந்தால் வாடிக்கையாளரும் கூட வருவார். வராவிட்டால் குடை ஊர் சுற்றி விளம்பரம் செய்யும். இரண்டு பக்கமும் லாபம் வருகிற மாதிரி யோசித்திருக்கிறார்கள்! அந்தக் கடைதான் இன்றைய மிட்சுகோஷி.

இப்போதும் ஜப்பானின் பெரிய கடைகள் பலவற்றில் வெளியே மழை பிடித்தால் உள்ளே ஒரு குறிப்பிட்ட மெட்டு ஒலிக்கும். வாங்க வந்தவருக்கு அது வெறும் பாட்டு. ஜன்னலே இல்லாத தளத்தில் நிற்கும் ஊழியருக்கோ அது செய்தி. காகிதப் பைமேல் உடனே பிளாஸ்டிக் உறை மாட்டித் தருவார். மழை பெய்கிறதென்று உங்களுக்குத் தெரியும் முன்பே உங்கள் புடவை நனையாமல் காப்பாற்றப்பட்டுவிட்டது. நான் மெச்சுவது இதைத்தான். குனிவதை யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம்.

*ஜப்பான் கம்பெனியில் என் திட்டத்தைப் 'பரிசீலிக்கிறோம்' என்றார்கள். காத்திருக்கவா?*
– மென்பொருள்காரர், கோவை

பஜ்ஜி தின்ற கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார், "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்தால் பெண்ணின் அப்பா தபால்காரரையா எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்?

அங்கே கூட்டத்தில் முகத்துக்கு நேரே மறுப்பது அபூர்வம். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துப் பேசிச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். கூட்டம் கூடுவது முத்திரை குத்த. நீங்கள் கூட்டத்திலேயே திட்டத்தை முதன்முதலாக அவிழ்த்திருந்தால், அங்கேதான் தப்பு. அடுத்த முறை ஒரு வாரம் முன்னதாகப் போய் எல்லாரோடும் டீ குடியுங்கள்.

*விலையை ஏற்றினாலும் வாடிக்கையாளர் திட்டாமலிருக்க ஒரு வழி சொல்லுங்கள்.*
– டீக்கடை உரிமையாளர், தஞ்சாவூர்

'காரிகாரி-குன்' என்று ஒரு குச்சி ஐஸ். 25 வருஷம் 60 யென்னிலேயே நின்றது. 2016இல் 70 ஆக்கினார்கள். அதற்கொரு டிவி விளம்பரம்: கம்பெனித் தலைவர் முதல் தொழிலாளர் வரை வரிசையாக நின்று, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். பின்னணியில் விலையேற்றத்தைக் கேலி செய்யும் ஒரு பழைய பாட்டு. பத்து யென்னுக்கு இவ்வளவு பெரிய வணக்கமா என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. 2024இல் இன்னொரு பத்து யென், இன்னொரு வணக்கம்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் 25 வருஷம் விலையை ஏற்றாமல் இருந்துவிட்டு அப்புறம் குனிய வேண்டும். பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை குனிந்தால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும்.

*அங்கே வாடிக்கையாளர்தான் கடவுளாமே?*
– கால் சென்டர் ஊழியர், சென்னை

அந்த வாக்கியத்தைப் பிரபலமாக்கியவர் கடைக்காரர் இல்லை, மினாமி ஹாருவோ என்ற பாடகர். 1961இல் மேடையில் சொன்னார். சந்நிதியில் நிற்கிறவன்போல மனத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு பாடுகிறேன் என்பது அவர் கருத்து. காசு கொடுத்தவர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டார்கள். பாவம், அவரே பிற்பாடு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

விளைவு? 2013இல் சப்போரோவில் கடை ஊழியரைத் தரையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைத்து, படத்தையும் இணையத்தில் போட்ட ஒரு பெண்ணைப் போலீஸ் கைது செய்தது. வாடிக்கையாளர் அட்டூழியத்தைத் தடுக்க டோக்கியோ பெருநகர அரசு தனி விதியே கொண்டுவந்து, 2025 ஏப்ரலில் அமலாக்கியது. அதிலும் ஜப்பானிய மரியாதை: மீறினால் தண்டனை கிடையாது! யமாடோ கூரியர் கம்பெனி 2017இல், பகல் 12 முதல் 2 வரை பார்சல் கேட்கும் வசதியை நிறுத்தியது. வண்டி ஓட்டுகிறவரும் சோறு தின்ன வேண்டுமே. இத்தனை மரியாதைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருந்தது அவர் வயிறு.

*'முத்து' ஜப்பானில் ஓடியதன் ரகசியம்?*
– ரஜினி ரசிகர், மதுரை

1998இல் டோக்கியோவின் ஷிபுயாவில் வெளியிட்டபோது வைத்த பெயர் 'முத்து: ஆடும் மகாராஜா'. வேலைக்காரன்தான் உண்மையான வாரிசு என்று கடைசியில் அவிழ வேண்டிய முடிச்சைத் தலைப்பிலேயே அவிழ்த்துவிட்டார்கள். அப்படியும் மாதக்கணக்கில் ஓடியது. தலைவர் படத்துக்கு யார் கதை தெரிந்துகொள்ளப் போகிறார்கள்?

*அங்கே ஓட்டலில் டிப்ஸ் வைக்கலாமா?*
– சுற்றுலாப் பிரியர், சேலம்

வைக்கலாம். மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று அதைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடி வருவார்கள். சர்வருக்கு ஏதாவது நல்லது செய்தே ஆக வேண்டுமென்றால், சில்லறையை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.