ஒற்றை விழுங்காதை, மருமோன்

இஞ்ச வா மருமோன், இதில இரு. பலெர்மோவுக்கு வந்து மூண்டு மாசம், அதுக்குள்ள இத்தாலியன் தண்ணிபட்ட பாடு எண்டு சொல்லிக்கொண்டு திரியிறியாம். நேற்றுக் கீழ்வீட்டுக் கிழவரை "நோனோ" எண்டு கூப்பிட்டியாமே? நோனோ எண்டால் ஒன்பதாவது. மற்ற எட்டுப் பேரும் எங்க எண்டு அந்த மனுசன் தேடியிருக்கும்! அப்பப்பா எண்டால் நொன்-னோ. 'ன்' இரண்டு, ஒண்டு முன்னசைக்கு, மற்றது பின்னசைக்கு. எங்கட அம்-மா மாதிரித்தான் அவையின்ர மம்-மாவும்.

வயசு சொல்லேக்க இன்னும் கவனம். 'எனக்கு 25 வருசம் இருக்கு' எண்டுதான் இவையள் வயசு சொல்லுறது. வருசங்கள் எண்டால் அன்-னி. நீ அவசரத்தில ஒரு 'ன்'னை விழுங்கி 'ஆனி' எண்டியோ, குந்தி இருக்கிற இடத்தில உனக்கு 25 ஓட்டை எண்டு அர்த்தம். கந்தோர்ப் பெட்டை முகத்துக்கு நேர சிரிக்கமாட்டாள். நீ வெளிக்கிட்டாப் பிறகு சிரிப்பாள்.

அதுக்காக எல்லாத்தையும் நடுவால வெட்டாதை. எழுதேக்க பாஸ்-தா இல்லை, பா-ஸ்தா. இவையின்ர 'ஸ்' பின்னால வாற மெய்யோடதான் குடித்தனம்.

வால் கட்டுறது வேற கதை. காசா எண்டால் வீடு. கசெத்தா சின்ன வீடு. சிரிக்காதை, நான் சொல்லுறது கட்டடத்தை! கசோனா பெரிய வீடு, கசாச்சா பாழடைஞ்ச வீடு. 'ஓனே' போட்டால் பெருசாகும் எண்டு படிச்ச உடன எல்லாத்துக்கும் போட்டிடாதை. மத்தோ எண்டால் விசரன்; மத்தோனே பெரிய விசரன் இல்லை, செங்கல். புர்ரோ பட்டர். பல்லாரோச் சந்தையில போய்ப் பெரிய பட்டர்க்கட்டிக்கு 'புர்ரோனே' எண்டு கேட்டால், கடைக்காரன் மலையிடுக்குப் பள்ளத்துக்குத்தான் வழி காட்டவேணும்.

ஆனால் வினையையும் பெயரையும் ஒட்டிச் சொல் செய்யிறதில இவையள் சூரர். வானத்தைச் சுரண்டுற மாடிக்குக் கிரத்தாச்சேலோ. நான் 20 வருசம் ரெஸ்ரோறன்ரில லாவாபியாத்தி, கோப்பை கழுவி. வேலைக்குக் கள்ளமடிக்கிறவன் ஸ்கன்சாஃபதீக்கெ. நாளைத் துலைக்கிறவன் பெர்-தி-ஜோர்-னோ, நாலு அசை. விடிய நீ போர்வையை இழுத்து மூடேக்க உன்ர மாமி குசினிக்குள்ள நிண்டு இதைத்தான் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுறா. பாட்டாக்கும் எண்டு நினைச்சியோ?

அவவுக்கு இத்தாலியன் வராது. நான்தான் சொல்லிக்குடுத்தனான்.