உன் சோம்பலுக்கு ஏத்த உப்புத்தாள்

வா நைனா, உக்காரு. டிரம் சாண்டர் வாங்கிட்டியாமே, கடைத்தெரு பூரா அதே பேச்சு. மெஷினு வந்து எறங்கி, தேங்காயும் உடைச்சாச்சாம். ஆனா பலகை ஒண்ணுகூட உள்ள போவலியாம். உப்புத்தாளை டிரம்முல எதால பிடிக்க வெக்கிறது, கிளிப்பா, வெல்க்ரோவா, பசையான்னு நீ இன்னும் யோசிச்சிகினு கீறியாம்.

நல்லது, அவசரப்படாத. இந்தத் திருத்தணி ஆந்திரா பக்கமா, தமிழ்நாட்டுப் பக்கமான்னு முடிவு ஆவறதுக்கே 1953-ல ஆரம்பிச்சு 1960 வரைக்கும் ஆச்சு. தலைவர் ம.பொ.சி. போராடி, எல்லைத் தகராறுக்கு மத்தியஸ்தரா வந்த படாஸ்கர் உக்காந்து பஞ்சாயத்து பேசி, 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஊரு இந்தப் பக்கம் வந்துச்சு. ஒரு தாலுகாவுக்கே அத்தினி வருசம்னா, ஒரு அஞ்சு இஞ்சு டிரம்முக்கு நீ எடுத்துக்கிற நேரம் ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. என்னா ஒண்ணு, அவங்க நியாயம் கேட்டு நின்னாங்க. நீ யூடியூப் பார்த்துகினு நிக்கிற.

மெஷினு வித்தவன் உன்கிட்ட எல்லாம் கேட்டிருப்பான். இன்னா மரம், பலகை எவ்ளோ அகலம், கரென்ட்டு சிங்கிள் பேஸா திரீ பேஸா. கேக்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்டிருக்க மாட்டான், கேட்டா வியாபாரம் நடக்காது. நான் கேக்கறேன்: நீ எவ்ளோ சோம்பேறி? அதுக்கு உண்மையா பதில் சொல்லு, எந்தப் பிடிப்புன்னு நான் சொல்லிடறேன்.

கோச்சிக்காத. விசயம் சின்னது. டிரம்மு சுத்துது, அது மேல உப்புத்தாள். பலகை பெல்ட்டு மேல ஏறி அதுக்கு அடியில போவுது. தாள் மேல இருக்கிற மண்ணு கூரா இருக்கிற வரைக்கும் மரத்தை வெட்டும். மழுங்கிப் போச்சுன்னா வெறுமனே தேய்க்கும். தேய்ச்சா சூடு. சூட்டுல தேக்குல இருக்கிற எண்ணெயும், பேக்கிங் பெட்டி பைன்ல இருக்கிற பிசினும் இளகி, மண்ணுக்கு நடுவுல போயி அடைச்சிக்கும். அப்பால அந்த அடைச்ச இடம் போற வழியெல்லாம் பலகையில கறுப்பா கோடு இழுக்கும். கிரேப் ரப்பர் கட்டியை டிரம்முல காட்டினா கொஞ்சம் தூசி கக்கும், கொஞ்ச நாள் ஓடும். மண்ணே மழுங்கிட்டா ரப்பர் இன்னா பண்ணும்? பேப்பரை மாத்தணும், அவ்ளோதான்.

மாத்தறது கஷ்டமா இருந்தா நீ மாத்த மாட்ட. 'இன்னும் ஒரே ஒரு பலகை'ன்னு ஓட்டுவ. அந்த ஒரு பலகைதான் ஆர்டர் குடுத்த அம்மாவோட பூஜை ரூம் கதவுல, கண்ணுக்கு நேரா வந்து ஒக்காரும்.

இப்ப ஒவ்வொண்ணா பாப்போம். முதல்ல பசை. ரோலுக்குப் பின்னாடி இருக்கிற தாளை உரிச்சிகினே டிரம்மு மேல சுத்திட வேண்டியதுதான். கிளிப்பு இல்ல, ஸ்பிரிங்கு இல்ல, உடையறதுக்கு எதுவும் இல்ல. டிரம்முக்கும் பேப்பருக்கும் நடுவுல மெத்தை இல்லாததால பலகை தட்டையா வரும், ஓரம் மொக்கை ஆவாது. ஒட்டுற அன்னிக்கு உன்னை மாதிரி சந்தோசக்காரன் கிடையாது. உரிக்கிற அன்னிக்கு வந்து சொல்லு. சூடு ஏறி ஏறி, பாதி பசை பேப்பரோட வரும், பாதி டிரம்முலயே குடியிருக்கும். வீட்டுல இருக்கிற ஹேர் டிரையரைத் திருடிகினு வந்து சூடு காட்டி உரிக்கணும். மிச்சத்துக்கு, மெஷினு ஆறின அப்பால, பிளக்கைப் புடுங்கிட்டு தின்னர் போட்டுத் துடைக்கணும், அப்ப பீடியை மறந்துடணும். ஒரு துளி பசை மிச்சம் இருந்தாலும் அடுத்த பேப்பர் அங்க மேடா நிக்கும், பலகையில அதே இடத்துல கோடு விழும். ஒரே நம்பர் பேப்பரை மாசக்கணக்கா ஓட்டுறவனுக்கு பசை சரி. நீ காலையில 80, சாயங்காலம் 120 போடற ஆளு. ஹேர் டிரையருக்குத் தனி கரென்ட்டு பில்லு வரும்.

அடுத்தது வெல்க்ரோ. அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா? சுவிட்சர்லாந்துல ஜார்ஜ் டி மெஸ்ட்ரால்னு ஒரு இன்ஜினியர். 1941-ல நாயைக் கூட்டிகினு காட்டுக்குப் போயிட்டு வந்தாரு. நாய் முடியிலயும் துணியிலயும் ஒட்டுமுள்ளு காய். அதை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தாரு, குட்டிக் குட்டி கொக்கி தெரிஞ்சுது. 1955-ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. நம்ம ஊர்ல மாடு மேய்ச்சவன் வேட்டியில நாயுருவி ஒட்டாத நாளே இல்ல. நாங்க அதை உதறிட்டு, செடியை ரெண்டு திட்டு திட்டிட்டு வந்துட்டோம். அதான் அவங்க கம்பெனி வெச்சாங்க, நாம வேட்டி துவைக்கிறோம்.

டிரம்முல கொக்கி, பேப்பர் முதுகுல பஞ்சு. அழுத்திச் சுத்தி, ரெண்டு முனைக்கும் டேப்பு போட்டா முடிஞ்சுது. கழட்டறதும் அதே சுலபம். பாதி தேஞ்ச 80-ஐக் கழட்டி ஆணியில மாட்டிட்டு 120 போடலாம், நாளைக்கு அதே 80-ஐ மறுபடி போடலாம். சோம்பேறிக்குன்னே கடவுள் குடுத்தது. ஆனா கடவுள் எதையும் சும்மா குடுக்கறதில்ல. கொக்கியும் பஞ்சும் சேர்ந்து நடுவுல மெத்தையா நிக்குது. பலகை உள்ள நுழையற ஓரம் கொஞ்சம் வழிஞ்சி உருண்டுபோவும். ரேகையில இளசா இருக்கிற இடம் பள்ளமாவும், கெட்டி இடம் மேடா நிக்கும். பேப்பர் விலையும் கூட. ரொம்ப அழுத்தி ஓட்டினா சூட்டுல கொக்கி மழுங்கிப் படுத்துக்கும், அப்பால அந்தக் கொக்கிப் பட்டையையே மாத்தணும். அது டிரம்முல எதால ஒட்டியிருக்குன்னு நெனச்ச? பசைதான் நைனா! அந்த ஹேர் டிரையரை அப்பவும் தேடணும். என்னா, கொஞ்சம் லேட்டா.

மூணாவது கிளிப்பு. டிரம்முக்கு ரெண்டு பக்கமும் வாய் மாதிரி கிளிப்பு, உப்புத்தாள் பட்டையோட ரெண்டு முனையும் அதுல கடிச்சிக்கும். ஒரு பக்கத்துக் கிளிப்புல ஸ்பிரிங்கு இருக்கும். துணி முதுகு போட்ட பேப்பரும் சூட்டுல கொஞ்சம் நீளும், அந்தத் தொய்வை ஸ்பிரிங்கு இழுத்துக்கும். ரோலை மீட்டர் கணக்குல வாங்கி வெட்டிக்கலாம், விலை மலிவு. மெத்தை இல்ல, பலகை தட்டையா வரும். குறை இன்னா? அந்த ஸ்பிரிங்கு கிளிப்பு டிரம்முக்குள்ள ஒளிஞ்சிகினு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலு நுழையாது, நுழைஞ்சா நசுங்கும். விரலு போவாத இடத்துல கிளிப்பை வெச்சுட்டு, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பியையும் தனியா வித்தான் பாரு, அவன்தான்டா வியாபாரி.

தாள் முனை ரெண்டையும் டிரம்முல வெட்டின பள்ளத்துல சொருகி மரத்தால ஆப்பு அடிக்கிறதும் ஒரு வழி. பட்டறையில சொந்தமா டிரம்மு கடைஞ்சவங்க வழி அது. உன்னை அதுக்கு அனுப்ப மாட்டேன், ஆப்பு உனக்கு அடிபடும்.

இன்னா, இதெல்லாம் வெளிநாட்டு வித்தைன்னு பாக்கறியா? நம்ம பக்கத்துல பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போயி எந்த விசைத்தறிக்கு முன்னாலயாவது நில்லு. நெய்ஞ்ச துணியை இழுக்கிற உருளையைப் பாரு. துணி வழுக்காம இருக்க, அது மேல சொரசொரப்பான எமரிப் பட்டையைச் சாய்வா சுத்தியிருப்பாங்க, இல்லன்னா பொத்தல் போட்ட தகடு. உன் டிரம்முல சுத்தற அதே சுத்துதான். பட்டை தேஞ்சாலோ வழுக்கினாலோ ஊடை ஒரு இடத்துல நெருங்கும், ஒரு இடத்துல விலகும், துணி அன்னிக்கே காட்டிக் குடுத்துடும். துணியைப் பிடிக்க அவங்க உப்புத்தாள் வெச்சாங்க. உப்புத்தாளைப் பிடிக்க இன்னா வெக்கிறதுன்னு நீ என்கிட்ட வந்து கேக்கற.

சரி, சுத்தற விதத்தைக் கேட்டுக்க. எந்தப் பிடிப்பு வாங்கினாலும் இதுல கோட்டை விட்டா பணம் தண்டம். மொதல்ல பிளக்கைப் புடுங்கு. சுவிட்சை அணைச்சாப் போதாது, உன் வீட்டுப் பசங்க கையி சும்மா இருக்காது. 16 இஞ்சு நீளம், 5 இஞ்சு விட்டம் டிரம்முன்னு வெச்சுக்க. சுத்தளவு பதினஞ்சே முக்கால் இஞ்சு பக்கம். 3 இஞ்சு பட்டை ஒரு சுத்துக்கு 3 இஞ்சு நவுரும். அஞ்சு சுத்துக்கு மேல, ஏழு அடி போவும். முனைச் சாய்வு வெட்டுக்கும் சேர்த்து எட்டடி பக்கம் வெட்டிக்க. அந்தச் சாய்வு, டிரம்மோட சுத்தளவு நீளத்துக்கு வரணும். அப்பதான் பட்டையோட முனை டிரம்மு ஓரத்தோட ஒட்டி வளையும். ஒரு தரம் சரியா வந்த பட்டையைத் தூக்கிப் போடாத, அதை அளவுக்கு வெச்சிகினு மத்ததை வெட்டு.

ஒரு கையால பட்டையை இறுக்கிப் பிடி, இன்னொரு கையால டிரம்மை மெதுவா உருட்டு. பட்டையோட ஓரமும் ஓரமும் நம்ம ஊரு எல்லை மாதிரி இருக்கணும். பக்கத்துலயே இருக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. ஒரு மயிரிழை ஏறினாலும் அந்த மேடுதான் மொதல்ல பலகையைத் தொடும், அங்கதான் கருகும். கிளிப்புல போடும்போது ஸ்பிரிங்கை முழுசா அமுக்கிகினு பட்டை முனையைக் குடு, அப்பதான் பின்னால இழுக்க அதுக்கு இடம் இருக்கும். சும்மா கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிறுத்தி, தொய்வு இருக்குதான்னு தடவிப் பாரு, இருந்தா மறுபடி இழு. பலகையைக் கொஞ்சம் சாய்வா விட்டா கோடு குறையும். ஒரே தரத்துல எல்லாத்தையும் எடுக்கணும்னு நெனைக்காத, அரை மில்லிமீட்டருக்குக் கீழ எடுத்து நாலு தரம் விடு. ஒட்டுன கதவுல பசை கட்டியாக் காஞ்சிருந்தா மொதல்ல உளியால சுரண்டு. ஆணி இருக்குதான்னு பாரு. பழைய வீட்டு விட்டத்துல நம்ம தாத்தனுங்க ஆணியை எண்ணி அடிக்கல.

தூசி விசயம் தமாசு இல்ல, சொல்லிடறேன். மரத்தூசி புத்துநோய் தரும்னு 1995-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க சொல்லிட்டாங்க. மூஞ்சில துண்டு கட்டினா தூசிக்குத்தான் குளிராம இருக்கும். உறிஞ்சற மெஷினும் வாங்கு, மாஸ்க்கும் போடு.

அப்பால இன்னொண்ணு. எவனாவது நகரி பக்கத்துலருந்து ராத்திரியில திருட்டுச் செம்மரப் பலகை கொண்டாந்து, 'இதுக்கு எந்த நம்பர் பேப்பர்ணா'ன்னு கேட்டான்னா, என்கிட்ட அனுப்பாத. அதுக்கு வக்கீலு இருக்காரு.

இப்ப 'எதை வாங்கட்டும் தாத்தா'ன்னு கேப்ப. நாள் பூரா கதவு, கட்டில், மேசைப் பலகைன்னு ஒரே நம்பர்ல தள்றவனா இருந்தா கிளிப்பு வாங்கு, மொதல் மாசம் விரலு நசுங்கும், அப்பால விரலே கத்துக்கும். சாமி மாடம், பெட்டி, சின்னச் சின்ன பலகைன்னு நிமிசத்துக்கு ஒரு நம்பர் மாத்தறவனா இருந்தா வெல்க்ரோ வாங்கு, பேப்பர் விலையைப் பார்த்து அழு, ஆனா மாத்து. ஒரு பேப்பரை ஒட்டினா அது தேயற வரைக்கும் வேற நம்பர் பக்கம் திரும்பாதவனுக்கு பசை.

இது எதுவுமே இல்ல, எதை வாங்கினாலும் நான் பேப்பரை மாத்த மாட்டேன்னு உன் மனசுக்குத் தெரியுதா? அப்ப மெஷினை வித்துடு, உங்க தாத்தன் இழைப்புளியை எடு. அது மழுங்கினா தள்ள முடியாது, தோள்பட்டை கத்தும், சாணை பிடிச்சே தீரணும். மெஷினுக்குத் தோள் வலி கிடையாது. அது உன் சோம்பலுக்குத் துணையா, கருகக் கருக ஓடிகினே இருக்கும்.