அரை நூல் அண்ணன்

தர்மபுரியில் எந்தக் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி நடந்தாலும், மாண்டலின்காரரின் இடது கை தெரிகிற வாகில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். தலை ஆடாது, கை தாளம் போடாது, கண் மட்டும் இடுங்கியிருக்கும். கீபோர்டு வந்த பிறகு மேடையில் மாண்டலினே அபூர்வம். அந்த அபூர்வம் எந்த மண்டபத்துக்கு வருகிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். இடைவேளையில் மேடையோரம் போய், வாசித்த பையனின் தோளைத் தொடுவார்.

“எவ்வளவு தம்பி?”

“நைட்டுக்கு ரெண்டாயிரம்ணா. சாப்பாடு அவங்களே போட்டுடுவாங்க.”

“அதில்லப்பா. கழுத்து அகலம் எவ்வளவு?”

இவர்தான் அரை நூல் அண்ணன். பெயர் வைத்தது அவர் தெருத் தச்சர். அமெரிக்க மாண்டலின்களில் நட்டு, அதாவது கழுத்தின் உச்சியில் தந்திகள் பள்ளம் பள்ளமாக ஏறி உட்காரும் அந்தச் சின்னக் கட்டை, வழக்கமாக 28.6 மில்லிமீட்டர். தச்சர் கணக்கில் ஒரு இஞ்சு ஒரு நூல். விரல் தடித்தவர்களுக்கு என்று அகலக் கழுத்தும் உண்டு: 30.2 மில்லிமீட்டர், ஒரு இஞ்சு ஒன்றரை நூல். நடுவே இருப்பது அரை நூல். இழைப்புளியை ஓட்டிவிட்டுத் தச்சர்கள் ஊதித் தள்ளுகிற அந்த அரை நூலில்தான் அண்ணன் குடியிருக்கிறார்.

சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். லேத் பட்டறையில் இரவல் வாங்கியது. பட்டறைக்காரர் கேட்பதை விட்டுவிட்டார். பத்தரிடம் வாங்கிய ஊசி அரம் வேட்டி மடிப்பில் இருக்கும். பாலக்கோட்டில் இவரைப்போல் ஒருவர், அரூரில் ஒருவர். மூவரும் சந்தித்த காலத்தில் சுருதி சேர்த்ததில்லை, அளவு சேர்த்தார்கள்.

இதில் அவர்களைச் சும்மா கிறுக்கு என்று தள்ளவும் முடியாது. கிதாரில் ஆறு தந்திக்கு 43 மில்லிமீட்டர் இடம். மாண்டலினுக்கு வயலினின் அதே சுருதிதான், ஆனால் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு ஜோடி, ஆக எட்டு. எட்டும் காலை நேரத்துப் பென்னாகரம் பஸ்ஸில் நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். அதிலும் தடித்த தந்தி ஒரு மில்லிமீட்டர் கனம், மெல்லியது அதில் கால் பங்கு சொச்சம். நடுவுக்கு நடு சமமாகப் பள்ளம் வெட்டினால், தடித்த ஜோடிகளுக்கு இடையில் சந்து குறையும். விளிம்புக்கு விளிம்பு சமமாக வெட்டினால்தான் விரல் நுனிக்கு எல்லா இடத்திலும் ஒரே நியாயம். இந்த விவகாரத்தில் அண்ணன் விளிம்புக் கட்சி. அரூர்க்காரர் நடுக் கட்சி. பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாகிறது.

அந்த மண்டபத்துப் பையனின் கல்கத்தா மாண்டலினை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளங்களை அடைத்துப் புதிதாக வெட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் பையன் வாசித்தபோது, முன்பெல்லாம் பக்கத்துத் தந்தியில் இடறிய விரல் இடறவில்லை. 1995-இல் ஷாருக் கான் கையில் மாண்டலினைக் கொடுத்த இந்திப் படம் ஒன்று உண்டே, அந்த பிட்டை வாசித்ததும் மண்டபமே விசிலடித்தது. அண்ணன் மட்டும் மேடையேறி, “ஏழாவது தந்தி கால் மில்லி உள்ளே போயிருக்கு. நாளைக்குக் கொண்டா” என்றார்.

“நீங்க ஒரு பிட்டு போடுங்கண்ணா” என்று பையன் கருவியை நீட்டினான். அண்ணன் காலிப்பரை விரித்தார்.

வீட்டில் சொந்த மாண்டலின் ஒன்று உண்டு. பெட்டிக்குள், தந்தி இல்லாமல். “அது பாடி நான் கேட்டதே இல்லைங்க. நட்டுக்கு அராவுற எலும்புத் தூளை மட்டும் தினம் கூட்டறேன்” என்பது அண்ணியார் வாக்குமூலம்.

அண்ணனுக்குத் தெய்வம் ஒருவர்தான்: 1969-இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்து, பொடிப் பையனாகவே கர்னாடக மேடையை அசத்தி, 2014-இல் சென்னையில் மறைந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ரசிகர்கள் அவருடைய வேகத்தைச் சொல்வார்கள், குழைவைச் சொல்வார்கள். அண்ணன் சொல்வது வேறு: “எட்டை எடுத்துட்டு அஞ்சு போட்டார் பாரு! இடம் பண்ணினாருய்யா!”

வாஸ்தவம். கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஜோடியை இழுத்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அடுத்த ஜோடியும் இடிக்கும். ஜோடியால் கிடைத்த பெரிய லாபம் சத்தம். எலக்ட்ரிக் மாண்டலினில் அந்தச் சத்தத்தை ஒலிபெருக்கிப் பெட்டியே தந்துவிடுகிறது, துணைத் தந்திக்கு வேலை இல்லை. ஒற்றைத் தந்தி ஐந்து போதும். அண்ணன் சொன்ன இதை எந்தச் சபா விமர்சனத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

“அப்போ நீங்களும் அஞ்சு தந்தி கட்டி வாசிக்கலாமேண்ணா?” என்றேன்.

“கட்டலாம்” என்றார் அண்ணன், கண்ணாடியைத் துடைத்தபடி. “அஞ்சுக்கு இடைவெளி எவ்வளவு விடணும்னுதான் இன்னும் முடிவாகல.”