ஷாட்டியல்: பாயிரமும் சில நூற்பாக்களும்

'சீன்' ஒரு பலபொருள் ஒருசொல் என்று சொல்லிவிட்டு இலக்கணக்காரர் நகர்ந்துவிடுவார். அனிமேஷன் ஸ்டுடியோவில் அப்படி நகர முடியாது. அங்கே அது சம்பளப் பிரச்சினை. வாரத்துக்கு இத்தனை சீன் என்று ஒப்பந்தம் வந்துவிட்டால், சீன் என்பது நாலு விநாடியா நாலு நிமிடமா என்று யாராவது தீர்த்தாக வேண்டும். யாரும் முன்வராததால் இந்த ஆய்வு.

முதலில் வேர். கிரேக்கத்தில் 'ஸ்கேனே' என்றால் கூடாரம். பிறகு நாடகக்காரர்கள் பின்னால் உடை மாற்றிக்கொண்ட கொட்டகையும் அதுவே. ஆக, சீன் பிறந்ததே திரைமறைவில்தான்.

சினிமாக்காரர் கணக்கு எளிது. கேமரா ஓடத் தொடங்கி நிற்கும்வரை ஷாட். பல ஷாட் சேர்ந்து சீன். பல சீன் சேர்ந்து சீக்வென்ஸ். அனிமேஷனில் ஓடி நிற்கக் கேமராவே இல்லாத நேரம் அதிகம் என்பதாலோ என்னவோ, ஆளாளுக்கு ஒரு வழக்கு. 1937-இல் 'ஸ்னோ ஒயிட்' எடுத்த டிஸ்னி கூடத்தில் ஒரு ஷாட்டையே சீன் என்றார்கள். ஜப்பானியருக்கு அது 'கட்டோ'. கட்டுக்கு ஒரு காகித உறை, உறைமேல் எண், உள்ளே படங்கள். பிரெஞ்சுக்காரருக்கு 'பிளான்'. அதே நாலு விநாடிக்கு, முருகனைப் போல, ஊருக்கொரு பெயர்.

மென்பொருள் தீர்ப்பு சொல்லும் என்று நம்பினால், மாயாவில் சேமிக்கும் கோப்புக்கே சீன் என்று பெயர். நாய் மட்டும் நிற்கும் கோப்பும் சீன், நாயே இல்லாத காலி அறையும் சீன்.

'கட்' இன்னும் மோசம். இயக்குநர் கத்தினால் நிறுத்து என்று பொருள். எடிட்டரிடம் போனால் ஒட்டிய இடம். ஜப்பான் போனால் ஒட்டிய துண்டு. படம் முடிந்தபின் 'டைரக்டர்ஸ் கட்' என்றால் முழுப் படமே.

'டேக்' பற்றிக் களச்சான்று ஒன்று உண்டு. படப்பிடிப்பில் டேக் என்றால் ஒரு முறை எடுப்பது. கார்ட்டூனில் பாத்திரம் திடுக்கிடுவது. டெக்ஸ் ஏவரியின் ஓநாய்க்குக் கண் முழம் நீளத்துக்குப் பிதுங்குமே, அது. வெளிநாட்டிலிருந்து, 'நாயின் டேக் பெரிதாக வேண்டும்' என்று திருத்தம் வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஷாட்டை இரண்டு விநாடி நீட்டி அனுப்பினான். விநாடிக்கு 24 வீதம் 48 ஃபிரேமுக்கு நாய் சும்மா நின்றது. என் ரசனைக்கு அதுதான் படத்தின் நல்ல இடம், வாடிக்கையாளர் உடன்படவில்லை.

தமிழில் வைத்தால் தீருமா? 'காட்சி' ஏற்கெனவே மாலைக் காட்சிக்கும் முருகன் கொடுக்கும் காட்சிக்கும் போய்விட்டது. எனவே தொல்காப்பியத்தைப் பார்த்தேன்: மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பா. என்ன ஒழுங்கு! சீக்வென்ஸை அதிகாரம் என்றும், சீனை இயல் என்றும், ஷாட்டை நூற்பா என்றும் அழைக்கலாம் என முன்மொழிந்தேன். மறுநாள் ஒருவர் தயாரிப்பாளரிடம் போய், "சார், மூணாவது அதிகாரம் இன்னும் என் கைக்கு வரலை" என்று சொல்ல, அவர் முகம் போன போக்கில் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது.

கடைசியில் சீக்வென்ஸ், ஷாட் இரண்டு மட்டும் போதும் என்று முடிவானது. சீன் என்று சொல்பவர் டீ வாங்கித் தர வேண்டும். எண் மட்டும் பாக்கி. 1, 2 என்று வைத்தால் கணினி சில இடங்களில் 2-க்கு முன்னால் 10-ஐ நிறுத்தும். ஆகவே முன்னால் பூஜ்யம். நடுவில் புது ஷாட் நுழைந்தால் இடம் வேண்டுமே. ஆகவே 010, 020, 030 என்று பத்துப் பத்தாக. 010-க்கும் 020-க்கும் நடுவே ஒன்பது இடம். எந்த இயக்குநருக்கும் ஒன்பது போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பத்தாவது வந்த அன்று நான் விடுப்பில் இருந்தேன்.