இருபத்துநாலில் ஒருவர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நிற்கும் நேரத்தில், ஏதோ ஒரு லாரியின் பின்சக்கரத்தருகே ஒருவர் குந்தி உட்கார்ந்து மட்கார்டையே முறைத்துக்கொண்டிருந்தால் பயந்துவிட வேண்டாம். அவர்தான் நம்மாள். சேறு எந்த இடத்தில் திட்டாக அப்பியிருக்கிறது, எந்த இடத்தில் தூவினாற்போல் தெறித்திருக்கிறது என்று பார்த்து, போனில் நாலு கோணத்தில் படம் பிடிப்பார். லாரிக்காரர்கள் அறிந்தவரை வண்டியை இவ்வளவு உற்றுப் பார்ப்பது இரண்டு பேர்தான். ஒன்று ஆர்.டி.ஓ., இல்லாவிட்டால் தவணை கட்டாத வண்டியைத் தூக்க வரும் பைனான்ஸ்காரர். "சார், இந்த மாச டியூ கட்டியாச்சு சார்" என்று கிளீனர் பையன் குதித்து ஓடிவருவான். நம்மாள் நிமிராமலே, "ஏன் தம்பி, இந்தச் செவப்பு பெயின்ட் இப்படி வெளுக்க எத்தினி வருசம் ஆச்சு?" என்பார். பையன் டிரைவரைக் கூப்பிடப் போய்விடுவான்.

இந்த ரகம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. பகலில் ஃபிட்டர், டர்னர், பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர், துறைமுகக் குமாஸ்தா. ராத்திரி சாப்பாடு முடிந்து, மேஜைமேல் பழைய 'தினத்தந்தி'யை விரித்ததும் கார் கம்பெனி முதலாளி. ஜப்பானிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுச் சொச்சம் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு காரை எழுப்புவார். ஒரு அடிக்கு அரை அங்குலம், அதுதான் கணக்கு. இந்தக் கணக்கு ரத்தத்தில் ஏறியவர்களிடம் பேசுவது கஷ்டம். "நேத்து லாரி வரிசை ஆறு கிலோமீட்டர் நின்னுச்சாமே" என்று நீங்கள் அலுத்துக்கொண்டால், "நம்ம ஸ்கேல்ல எரநூத்தம்பது மீட்டர்" என்று ஆறுதல் சொல்வார்.

வண்டி செய்கிற ஊரில், வண்டி செய்கிற வேலையில் இருந்துகொண்டு வீட்டிலும் எதற்கு வண்டி? கேட்டுப் பாருங்கள். "கம்பெனில எட்டு மணி நேரமும் நான் முடுக்குறது அதே நாலு போல்ட்டு. வண்டி என் கைக்கு வர்றப்ப அரை, போறப்ப முக்கால். முழு வண்டிய நான் பார்க்குறதே ரோட்லதான். இங்க ஸ்டியரிங்லேர்ந்து சைலன்ஸர் வரைக்கும் எல்லாம் நானு." வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனாலும் எனக்கு அந்த மனிதரிடம் மரியாதை வந்தது அந்தப் பதிலில்தான்.

ஊர்ப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம். எம்.ஆர்.எஃப். பேச்சு வந்தால் நாம் தொலைந்தோம். 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியது டயர் கம்பெனி அல்ல, குழந்தைகள் ஊதும் பலூன் கம்பெனி. அதே 1946-ல் ஜப்பானின் ஷிசுவோகாவில் தமியா என்பவர் மரக்கடை வைத்தார். அந்த மரக்கடைதான் பிற்பாடு உலகமெங்கும் மாடல் கார் விற்கும் தமியா கம்பெனி ஆனது. "அங்க மரக்கடை பொம்மைக்குப் போச்சு, இங்க பொம்மை டயருக்குப் போச்சு. குறுக்கால மாறிப் பூட்டாங்க சார்" என்பார். மாறாமல் இருந்திருந்தால் தமியா பெட்டியில் 'திருவொற்றியூர்' என்று அச்சாகியிருக்கும் என்பது அவருடைய நிரந்தர ஏக்கம்.

இப்போது அந்தப் பெட்டி கப்பலேறி அவர் மொட்டைமாடியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற துறைமுகத்துக்கே வந்து இறங்கினாலும், கைக்கு வருவதற்குள் விலை ஏறிவிடுகிறது. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. வரியைக்கூட அவர் மன்னித்துவிட்டார். சுங்கத்துறை அட்டவணையில் ஸ்கேல் மாடலையும் கிலுகிலுப்பையையும் ஒரே தலைப்பின்கீழ் போட்டிருப்பதைத்தான் மன்னிக்கவில்லை. மனைவி இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததை மத்திய அரசாங்கமும் எழுத்தில் கொடுத்துவிட்டதே!

அந்த அம்மாளிடம் விலை சொல்வதற்கும் ஒரு ஸ்கேல் உண்டு. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியது வீட்டுக்குள் நுழையும்போது எண்ணூறு ரூபாய். அதற்குமேல் பரணில், நவராத்திரி கொலுப் படிகளுக்குப் பின்னால், பிரிக்காத பெட்டிகள் தனியாக இருக்கின்றன. ரிடையர் ஆனபிறகு கட்டுவதற்காம். மாதத்துக்கொன்று என்று கட்டினாலும் தொண்ணூறு வயதுவரை வேலை இருக்கிறது. இதில் பெட்டியையே பிரிக்காமல் அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் ரெடிமேட் கார்க்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அவுங்க வாங்குறவங்க, நாம கட்டுறவங்க" என்பார். பரணை நினைத்து நாம் சிரித்துவிடக் கூடாது.

அவர் வேலையில் இருக்கும்போது வீட்டில் 144 தடையுத்தரவு. பக்கக் கண்ணாடி என்று ஒரு பாகம் இருக்கிறது, அரிசிமணியில் பாதி இருக்கும். இடுக்கியின் பிடியிலிருந்து 'டிக்' என்று தெறித்தால் போச்சு. "யாரும் அசையாதீங்க!" என்று ஒரு குரல். பல் தேய்த்துக்கொண்டிருந்த மகன் வாயில் நுரையோடு நிற்பான், மாமியார் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பார். நம்மாள் போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து, நெஞ்சால் ஊர்ந்து தேடுவார். கிடைக்காது. மூன்றாம் நாள் இட்லி மாவில் கிடைக்கும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளி முடிந்த காரைக் கையில் எடுத்துப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, தவறாமல் கேட்பது: "ஓடுமா?" ஓடாது என்றால், "ரிமோட் வெச்சா ஓடுமா?" அதற்கும் தலையசைப்பு. விருந்தாளி அப்படியே கீழே வைத்துவிட்டு, "பையனுக்கா?" என்பார். பையன் கல்லூரி இரண்டாம் வருஷம்.

ஆனால் அவருடைய உண்மையான வித்தை காரைக் கட்டுவதில் இல்லை, கெடுப்பதில் இருக்கிறது. மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி பெயின்ட் அடித்த காரை நாலாவது வாரம் அழுக்காக்குவார். வெதரிங் என்று பேர். வெயில் பட்ட கூரை, கல் பட்ட பம்பர், கதவின் அடிவரம்பில் துரு, டயர் மடிப்பில் புழுதி. இதற்கென்றே வெளிநாட்டில் துருப் பொடி ஒரு டப்பா, புழுதிப் பொடி ஒரு டப்பா என்று காசுக்கு விற்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று நம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

புழுதியைக் காசு கொடுத்து வாங்கவா வடசென்னையில் பிறந்தோம்? துரு வேண்டுமென்றால் உப்புக்காற்று தின்ற தம் வீட்டு ஜன்னல் கம்பியையே சுரண்டிக்கொள்வார். இன்னும் கருஞ்சிவப்பாக வேண்டுமென்றால் காசிமேட்டில் கரையேற்றிப் போட்டிருக்கும் விசைப்படகின் ஆணித்தலை. சாம்பல் நிறத்துக்கு 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின் நிலையம் சப்ளை செய்தது. அது மூடியபிறகும் கவலையில்லை, பக்கத்தில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கவே இருக்கிறது. மொட்டைமாடியில் ஒரு தட்டை ஒரு ராத்திரி வைத்தால் காலையில் சலித்த பொடி தயார். கருப்புக்கு மட்டும் 2011-ல் தட்டுப்பாடு வந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து பறந்த நிலக்கரித் தூள் ராயபுரத்துக்காரர்களின் துணிமணி, தண்ணீர்க் குடம், நுரையீரல் என்று எல்லாவற்றிலும் படிந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் போய், நிலக்கரியும் இரும்புத்தாதும் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறின. ராயபுரமே மூச்சு விட்டது. அன்றைக்கு முகம் வாடிய ஒரே ராயபுரத்துக்காரரை எனக்குத் தெரியும். எண்ணூர்க்காரர் ஒருவர் அவருக்கு ஃபோன் போட்டு, "இனிமே இங்க வந்து எடுத்துக்கப்பா" என்றாராம். அதைச் சொல்லும்போது இருவருமே பெரிதாகச் சிரிக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, படகுகளின் விலாவெல்லாம் கருத்துக் கிடந்தபோது, அந்த நிறத்தை மட்டும் நம்மாள் தொடவில்லை. "அது வேற" என்றார், அவ்வளவுதான்.

அவருடைய உச்சபட்சப் படைப்பு ஒரு மினி கூப்பர். பெட்டிமேல் இருந்த படம் மான்டே கார்லோ ராலி. 1964, 65, 67 என்று மூன்று தடவை மினி ஜெயித்த பந்தயம். வெள்ளைக் கூரை, சிவப்பு உடம்பு, முகப்பில் வரிசையாக விளக்குகள். நம்மாள் விளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டார். காரணம் கேட்டால் ஒரு சரித்திரம் வரும். 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியபோது பூட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ40 கார். லேலண்ட் வந்து சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. காரை விட்டு லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டார்கள். ஆனால் இங்கிலாந்தில் மினியைச் செய்துவந்த ஆஸ்டின் கூட்டமும் லேலண்டும் 1968-ல் ஒரே கம்பெனியாகிவிட்டன. "அங்க சேந்தாங்கல்ல? அப்ப மினி எண்ணூர்ல வந்திருக்கணுமா, வேணாமா?" வந்திருக்க வேண்டும்தான். வரவில்லை. ஆகவே அவரே கொண்டுவந்துவிட்டார்: எண்ணூரில் செய்த மினி, மெட்ராஸ் டாக்ஸி.

கருப்பு உடம்பு, மஞ்சள் கூரை. கூரைமேல் கேரியர், ஊசியைச் சூடுபடுத்தி வளைத்த கம்பி. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மீட்டர், தீக்குச்சியின் முனையைச் சீவிச் செய்தது. அது விம்கோ தீப்பெட்டிக் குச்சிதான் என்று சத்தியம் செய்வார். கம்பெனியின் பேர் இன்று மெட்ரோ ஸ்டேஷனாக நின்றுவிட்ட ஊரில் அந்தப் பழைய தீப்பெட்டி எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. டிரைவர் சீட்டில் ஒரு துண்டு விரித்திருக்கிறது, மருத்துவ காஸ் துணியில் ஒரு சதுரம். டாஷ்போர்டில் வடிவுடையம்மன் படம். பூதக்கண்ணாடி வைத்தால் மூக்குத்திகூடத் தெரியும். முழு நீளம் கிட்டத்தட்டப் பன்னிரண்டே முக்கால் சென்டிமீட்டர்.

இத்தனை செய்தவர் ஆயுத பூஜையை விடுவாரா? போன வருஷம் முறைப்படி நடத்தினார். முறைப்படி என்றால் ஸ்கேல்படி. சக்கரத்துக்கடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தை இருபத்துநாலால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர் வருகிறது, அதாவது கடுகு. கருங்கடுகு கூடாது, எலுமிச்சை மஞ்சளல்லவா, ஆகவே மஞ்சள் கடுகுக்காகச் சௌகார்பேட்டை வரை போய்வந்தார். திருஷ்டிப் பூசணிக்குச் சுண்டைக்காய். மார்க்கெட்டில் கூறுகட்டி வைத்திருந்த சுண்டைக்காயைப் பொறுக்கியெடுத்து, சட்டைப்பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை உருவி ஒவ்வொன்றாக அளந்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர் வேண்டும். காய்க்கார ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, காய்க்கு ஜொரமா பாக்குற?" என்றது. சங்கடத்தில் கால் கிலோவையும் வாங்கி வந்துவிட்டார்.

குண்டூசி முனையால் சந்தனம், குங்குமம் வைத்தார். சுண்டைக்காயின் மண்டையைப் பிளேடால் சீவி, உள்ளே குங்குமம் நிரப்பி, காசுக்குப் பதில் ஒரு சிட்டிகை ஜிகினா போட்டார். காரை மூன்று முறை சுற்றி வாசலில் உடைத்தார். நாலு சக்கரத்தடியிலும் கடுகு. இனி வண்டியை ஏற்றி நசுக்க வேண்டியதுதான். விரலால் மெள்ளத் தள்ளினார். நூறு கிராம்கூட இல்லாத காருக்குக் கடுகு நசுங்குமா? உருண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். உள்ளே 'மளுக்'.

வீடே அமைதியாக இருந்தது. முன் ஆக்ஸில் இரண்டு துண்டு. மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"வுடுங்க, திருஷ்டி கழிஞ்சுது. மீதி சுண்டைக்காய இப்படிக் குடுங்க, கொழம்பு கொதிக்குது."