கொழுந்து முதலாளி

நீலகிரியின் இத்தலாரில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரும் முதலாளிதான். ஆள் வைத்துக் கொழுந்து பறித்தால், 1948-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்த காலந்தொட்டு அவரும் டாட்டா, பிர்லா வகையறா. கூலி ஏறினால் கொடுத்தாக வேண்டும். கொடுக்க வேண்டியதும்தான், அட்டைக்கடி, பனி, காட்டெருமை எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குகிற காசு அது.

ஓட்டல்காரர் என்றால் தோசைக்கு ஐந்து ரூபாய் ஏற்றி, பலகையை அழித்து எழுதிவிடுவார். நம்மவர் கொழுந்து மூட்டையை ஆலைக்காரர் தராசில் வைப்பார். மழைநாளென்றால் ஈரத்துக்கென்று எடையில் கொஞ்சம் கழியும். மீதிக்குச் சீட்டு வரும். சீட்டில் கிலோ இருக்கும், விலை இருக்காது. தேயிலைத் தூள் ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்து, தேயிலை வாரியம் மாதாமாதம் கணக்குப் போட்டுச் சொல்லும். சரக்கு போன பிறகு விலை தெரிகிற இந்த வியாபாரத்தை எந்த மேலாண்மைக் கல்லூரி கற்றுத்தருகிறதோ!

2023-இல் நீலகிரி சிறு விவசாயிகள் கொழுந்து கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். முதலாளிகளே தங்களுக்கும் ஒரு குறைந்தபட்சம் கேட்டுப் பட்டினி கிடந்த அதிசயம் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை.

சிலர் சுலபமான வழி கண்டுவிட்டார்கள். ஆளை நிறுத்திவிட்டு, வீட்டம்மாவோடு தாமே தோட்டத்தில் இறங்குகிறார்கள். அந்த அம்மாவின் தினக்கூலி எவ்வளவு என்று எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் கேட்பதில்லை. கேட்டாலும், வாங்காத கூலிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அந்த அம்மா தயாராக இல்லை.