பின்னச்சு பாடுது மாப்ளே!

உன்னைப் போல பொறுமைசாலியை இந்தத் திண்டுக்கல் ஜில்லாவிலேயே நான் பார்த்ததில்லை மாப்ளே. பல மாசமா பிக்கப்போட பின்னச்சு ஊளையிட்டுக்கிட்டே வந்துச்சு. நீ ஒரு வார்த்தை கோவிச்சுக்கலை. பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சே. அது இன்னும் கத்துச்சு, நீ இன்னும் கூட்டுனே. கடைசியில ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போற வழியில ‘டமார்’னு ஒரு சத்தம். வண்டி நின்னு போச்சு, பாட்டு மட்டும் நிக்கலை. ஸ்பீக்கர் நல்ல சரக்குதான், ஒத்துக்கிறேன்.

கண்ணாடிக்கு மாலை போட்டே, பம்பருக்கு எலுமிச்சம்பழம் கட்டினே, பின்கதவுல கழுகுப் படம் ஒட்டினே. டிஃபரன்சியலுக்கு எண்ணெய் பார்த்தியான்னு கேட்டா, “அதுக்கும் எண்ணெய் ஊத்தணுமா மாமா?”ங்கிறே. பாவம், கழுகும் சொல்லலை போல.

அந்த டிஃபரன்சியல் கூட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கோ. களத்துல பிணையல் ஓட்டுன குடும்பம் உன்னுது. சுத்தி வர்றப்ப உள்மாடு மெதுவா மிதிக்கும், வெளிமாடு எட்டி நடக்கும். ரெண்டும் ஒரே நடையில போகணும்னு அடிச்சா கயிறு அறும், இல்லை கழுத்து திருகும். வண்டி வளைவுல திரும்புறப்ப பின்சக்கரம் ரெண்டுக்கும் இதே பாடுதான். அதுக்கு வழி பண்ணத்தான் பிரான்சுல பெக்கர்ங்கிறவர், நீராவியில ஓடுற வண்டிக்காக 1828-லயே இந்தப் பல்சக்கர ஏற்பாட்டுக்கு காப்புரிமை வாங்கினார். கிட்டத்தட்ட இருநூறு வருசமா வேலை செய்யிற சாமானை நீ ஒரே பருவத்துல முடிச்சுட்டே. சாமர்த்தியம்தான்!

சரி, போனது போகட்டும். அடுத்த தடவை சத்தம் வந்தா பாட்டை நிறுத்திட்டுக் காது கொடு. ஆக்சிலேட்டரை மிதிச்சா ஊளையிட்டு, காலை எடுத்தா அடங்குதுன்னா கிரவுன்-பினியன்ங்கிற பெரிய-சின்ன பல்சக்கர ஜோடியோட பல்லு மேலயோ பினியன் பேரிங் மேலயோ சந்தேகப்படு. எப்பவும் ஒரே சீரா உறுமுதுன்னா பேரிங். நேரா போறப்ப சும்மா இருந்து, வளைவுல மட்டும் கடகடன்னா உள்ளே இருக்கிற ஸ்பைடர் கியரைப் பாரு. கியர் மாத்துறப்ப ‘டக்’குன்னு அடிச்சா, அச்சைப் பிரிக்க ஓடாதே. முதல்ல புரொப்பல்லர் ஷாப்ட் கிராஸை ஆட்டிப் பாரு. சின்னச் செலவுல முடியிறதைப் பெரிய செலவாக்க மெக்கானிக் தேவையில்லை, நம்ம அவசரமே போதும்.

எண்ணெயை இறக்குறதுக்கு முன்னாடி மேல் பிளக்கைக் கழட்டு. கீழ்ப் பிளக்கை முதல்ல கழட்டி எண்ணெயெல்லாம் கொட்டிட்டு, மேல் பிளக் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்தா எந்த வழியா ஊத்துவே? காந்தப் பிளக்கா இருந்தா, அதுல சாந்தாட்டம் மையா ஒட்டியிருக்கிற சாம்பல் நிறப் பொடி வழக்கமான தேய்மானம், பயப்படாதே. துண்டு துண்டா இரும்பு வந்தா நம்பிக்கையை விட்டுட்டு பணத்தை எண்ணத் தொடங்கு.

அந்த நேரம் பார்த்து டீக்கடையில உனக்கு மூணு யோசனைக்காரங்க கிடைப்பாங்க. முதல் ஆளு, “உடைஞ்சது பினியன்தானே, அதை மட்டும் மாத்து”ம்பான். கிரவுனும் பினியனும் ஒண்ணா அரைச்சு, ஒரே எண் போட்டு வர்ற ஜோடி. புதுசையும் பழசையும் சேர்த்தா பழைய ஊளை புது ராகத்துல வரும். ரெண்டாவது ஆளு, காயலான் கடையில முழு அச்சும் மலிவா கிடைக்குதும்பான். வாங்கலாம், தப்பில்லை. ஆனா பல்லை எண்ணிட்டு வாங்கு. கிரவுன்ல 41, பினியன்ல 10 பல்லுன்னா கணக்கு 4.1. பினியன்ல 11 இருந்தா 3.73. சமவெளியில பெரிசா வித்தியாசம் தெரியாது. பழனியிலிருந்து கொடைக்கானல் மலை ஏத்தத்துல லோடோட நின்னு மூச்சு வாங்குறப்பதான் தெரியும். மூணாவது ஆளு பெரிய மேதை. “ஸ்பைடர் கியரை வெல்டு வச்சிடு, ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை”ம்பான். வச்சா வளைவுக்கு வளைவு டயரு தேயும், ஆக்சில் ஒடியும். அவன் சொன்னதுல அந்த ‘ஜென்மம்’ மட்டும் சீக்கிரம் முடியும்.

பிரிச்சுட்டா கணக்குப் பார்க்காம எல்லா பேரிங்கையும் ஆயில் சீலையும் மாத்து. கூட்டையும் ரெண்டு பக்கக் குழாயையும் டீசல் விட்டு நல்லா கழுவு. உடைஞ்ச பல்லோட தூள் மூலையில இருந்தா புது பேரிங்கைத் தின்னுரும். பினியன் நட்டை இறுக்குறப்ப நசுங்கிக் கொடுக்கிற ஸ்பேசர் உன் வண்டியில இருந்தா புதுசு போடு. அளவுக்கு மேல இறுக்கிட்டு நட்டைத் தளர்த்தினா அது திரும்ப நிமிராது. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல விடுற பிளே பெரும்பாலும் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர்தான். உன் வண்டிக்குச் சரியான அளவு கம்பெனி புத்தகத்துல இருக்கும். “கையால ஆட்டிப் பார்த்தேன், சரியா இருக்கு”ங்கிற மெக்கானிக்குக் கும்பிடு போட்டுட்டு, டயல் கேஜ் வச்சிருக்கிறவன்கிட்ட போ. அவன் பல்லுல நீலம் தடவி சுத்திப் பார்த்து, தடம் பல்லுக்கு நடுவுல விழுற வரைக்கும் ஷிம் மாத்துவான். அதுக்கு நேரம் ஆகும். பக்கத்துல நின்னு “முடிஞ்சுதா? முடிஞ்சுதா?”ன்னு நச்சரிக்காதே.

எண்ணெய் விஷயத்துல மட்டும் உன் சிக்கனத்தைக் காட்டாதே. உன் வண்டியில பினியன் கிரவுனோட நடுமையத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால பல்லு உருள்றதோட சறுக்கவும் செய்யும். என்ஜின் ஆயில் அதுக்குத் தாங்காது. ஜிஎல்-5 தரத்துல 80டபிள்யூ-90, இல்லைன்னா புத்தகத்துல சொன்னதை ஊத்து. சமதரையில நிறுத்தி, மேல் துளையில வழியிற வரைக்கும் ஊத்தணும். அச்சு மேல இருக்கிற பிரீதர் சேறு அடைச்சிருந்தா குத்தி விடு. இல்லைன்னா சூட்டுல உள்ளே காத்து விம்மி, சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெய் பிரேக் டிரம்முக்குள்ள போயிரும். அப்புறம் வண்டி ஓடும், நிக்காது. முதல் 500 கிலோமீட்டர் வரை லோடு கொஞ்சமா ஏத்து, அப்புறம் ஒரு தடவை எண்ணெயை மாத்து.

பின்டயர் ரெண்டும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா இருக்கணும். ஒண்ணு புதுசு, ஒண்ணு மொட்டைன்னா நேர் ரோட்டுலகூட ஸ்பைடர் கியர் ஓயாம சுத்தும். லோடையும் அளவோட ஏத்து. வெங்காயம் விலை ஏறுச்சுன்னு வண்டியோட தாங்குதிறனும் ஏறாது.

என்ஜினுக்கு ஆயில் மாத்துறப்பல்லாம் இந்த மேல் பிளக்கையும் கழட்டி விரலை விட்டுப் பாரு. எண்ணெய் தொட்டா விரலைத் துடைச்சுட்டுப் போ, தொடலைன்னா உடனே ஊத்து. எண்ணெய்க்குச் சில நூறு ரூபா, கிரவுன்-பினியனுக்குப் பல ஆயிரம். எது சிக்கனம்னு நீயே கணக்குப் போட்டுக்கோ.